நீரோ தாவோலாவா, நெரெல்லோ மஸ்கலேசேயா?

சிசிலித் தீவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த இரண்டு சிவப்பு ஒயின்களை பெசன்ட் நகர் வீட்டில் ஒரே மாலையில் திறந்தோம். இரண்டுமே அந்தத் தீவின் சொந்தத் திராட்சை ரகங்கள்.

நீரோ தாவோலா, தென்கிழக்கில் உள்ள அவோலா ஊரின் பெயரைத் தாங்கியது. நல்ல வெயிலில் பழுக்கும் ரகம். கறுத்த நிறம், நாவல்பழத்தை நினைவூட்டும் சுவை. மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்கு அருமையாக ஈடுகொடுத்தது.

நெரெல்லோ மஸ்கலேசே வேறு உலகம். எட்னா எரிமலைச் சரிவில், சுமார் 1000 மீட்டர் உயரம் வரை விளைகிறது. பகலில் வெயில், இரவில் குளிர். அதனால் புளிப்பு குறையாமல் மெதுவாகப் பழுத்து, பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடைக்கு வரும். எட்னா ரோஸோ, அதாவது எட்னாவின் சிவப்பு ஒயின், என்று லேபிள் ஒட்ட, குறைந்தது 80% இந்தத் திராட்சை இருக்க வேண்டும். நிறம் வெளிறியதுதான், ஆனால் பாக்கு மென்றதுபோல் துவர்ப்பு பிடிக்கிறது. முதல் வாயில் அண்ணி முகம் சுளித்தார். கிளாஸில் அரை மணி நேரம் காற்றுப்பட்ட அப்புறம், அவரே இன்னும் கொஞ்சம் கேட்டார்.

புதிதாகக் குடிப்பவருக்கு நீரோ தாவோலா எளிது. என் மனம் எட்னாவிடம்தான். எதுவானாலும் சரி, சென்னைப் புழுக்கத்தில் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடேறினால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும்.