அட்டோமியத்தின் அசல் தகடு என்று விற்கிறார்கள்: பணம் கட்டுமுன் எடையைக் கேளுங்கள்

பிரஸ்ஸல்ஸில் 1958-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட அட்டோமியத்தின் அசல் அலுமினியத் தகட்டில் வெட்டியது என்று சொல்லி இணையத்தில் ஒருவர் விற்ற சிறு துண்டை, சென்ற ஆண்டு 85 யூரோ கொடுத்து வாங்கி ஏமாந்தேன். இத்தகைய நினைவுப்பொருள்களைச் சேர்க்கும் நண்பர்கள் இதே வலையில் விழுந்துவிடக் கூடாது.

இரும்புப் படிகத்தின் அணு அடுக்கை 16,500 கோடி மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்த 102 மீட்டர் உயரக் கட்டடத்தின் ஒன்பது கோளங்களுக்கும் முதலில் அலுமினியமே போர்த்தியிருந்தார்கள். கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிட எண்ணியிருந்த கட்டடம் மக்களின் பிரியத்தால் நிலைத்துவிட்டது. நாளடைவில் மங்கிப்போன தகடுகளைக் கழற்றி, 2006-இல் முடிந்த சீரமைப்பின்போது துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தினார்கள். கழற்றிய முக்கோணத் தகடுகளைத் தலா 1,000 யூரோவுக்கு விற்றுச் செலவுக்குப் பணம் திரட்டியதும் உண்மைதான். அந்த உண்மையைக் காட்டித்தான் விற்பனையாளர் என் நம்பிக்கையைப் பெற்றார்.

விளம்பரப் படத்தில் இருந்தது கீறல் விழுந்து சாம்பல் பூத்த தகடு. கைக்கு வந்ததோ முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அலுமினியம்தான் என்று நிம்மதியடைந்தேன். அங்கேதான் பிசகினேன், ஏனென்றால் துருப்பிடிக்காத எஃகில் பல வகைகள் காந்தத்தில் ஒட்டுவதில்லை. இரண்டு வாரம் கழித்துச் சமையலறைத் தராசில் வைத்தபோது, 5 சென்டிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அந்தத் துண்டு 39 கிராம் காட்டியது. அதே அளவுள்ள அலுமினியம் 14 கிராமைக்கூட எட்டாது. கூடவே வந்த சான்றிதழை அதன் பிறகுதான் உற்றுப் பார்த்தேன். லூசியன் டி ரூக் வடிவமைத்த கண்காட்சிச் சின்னம், கைகள் சமமில்லாமல் கோணலாக நிற்கும் ஐந்துமுனை நட்சத்திரம். இதில் அச்சாகியிருந்ததோ அளவெடுத்தாற்போன்ற சாதாரண நட்சத்திரம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அவர் மறுக்கவில்லை. இன்னொரு படம் அனுப்புங்கள், மேலும் இரண்டு நாள் பொறுங்கள் என்று பணிவாகவே எழுதிக்கொண்டிருந்தார். விற்பனைத் தளத்தில் புகார் அளிப்பதற்கான கெடு முடிந்த மறுநாளிலிருந்து பதிலே இல்லை. ஆகவே, சந்தேகம் எழுந்த அன்றே தளத்தில் புகாரைப் பதிவுசெய்துவிட்டு, அதன் பிறகு விற்பவரிடம் பேசுங்கள். பணம் கட்டுமுன் துண்டின் நீளம், அகலம், தடிமன், எடை ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் வராவிட்டால் அது அலுமினியம் அல்ல.