சிங்கப்பூர் – நியூயார்க்: நிற்காமல் போவதா, இறங்கி ஏறுவதா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை, பூமியின் வளைவையொட்டி அளந்தால் ஏறத்தாழ 15,350 கி.மீ. ஹாங்காங் வழியாகப் போனால் சுமார் 15,550. ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சுமார் 16,450.

ஹாங்காங் வழியில் கூடுவது 200 கி.மீ.தான், பறக்கும் வேகத்தில் கால் மணி நேரம். ஆனாலும் நிற்காத விமானம் பதினெட்டரை முதல் 19 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க, ஹாங்காங் வழி பெரும்பாலும் 22 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. தரையிறங்குவது, வாசலுக்கு ஊர்ந்து வருவது, இறங்கி மறு பாதுகாப்புச் சோதனைக்கு நிற்பது, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது, மறுபடி மேலேறுவது: நேரத்தைத் தின்பவை இவையே. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நிற்காத விமானமும் அந்த 15,350 கி.மீ. கோட்டில் போவதில்லை. அந்தக் கோடு சைபீரியாவைக் கடந்து வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கின் மேல் கிழக்கே பறக்கிறது. குளிர்காலத்தில் அங்கே, வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வீசும். பல நூறு கி.மீ. சுற்றினாலும் அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் மிச்சம். திரும்பும்போதும் சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருவார்கள். அப்படிப் போய்வந்தவர் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டார் என்று பொருள்!

இந்த வழியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கவிடும் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நெடுந்தூரம் பறப்பதற்கான வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க இருக்கைகள் 161தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கேள்வி பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அவர்களுக்கு அதே நிறுவனத்தின் ஃபிராங்ஃபர்ட் வழி நல்ல தேர்வு. ஒரே விமான எண், எகானமி உண்டு. 'நேரடி' என்று டிக்கெட்டில் இருக்கும். அதற்கு 'நிற்காமல்' என்று பொருளல்ல. நடுவில் கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். நீண்ட பயணத்தில் கால் வீங்குபவர்களுக்கு அந்த நடை நல்லதே.

எந்த வழியானாலும் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இழப்பு உங்களுடையது. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டு விசாகூடத் தேவைப்படலாம். நியூயார்க்கிலிருந்து டல்லாஸ் போன்ற ஊருக்குத் தொடர்கிறவர்கள், ஒரே டிக்கெட்டானாலும், நியூயார்க்கிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

எடிசன் போன்ற நியூஜெர்சி ஊர்களுக்குப் போகிறவர்கள் ஜே.எஃப்.கே.யை விட்டு, நியூஜெர்சியிலேயே உள்ள நியூவார்க் விமான நிலையத்தைத் தேடுங்கள். அங்கும் நிற்காத விமானம் உண்டு. நியூயார்க் நகரத்தைக் குறுக்கே கடக்கும் நெரிசல் இல்லை.