ரத்தம் என்றால் டி75.9 என்று சொல்லித்தரும் கோடிங் வகுப்பில் பணம் கட்டாதீர்கள்

மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவர் எழுதும் நோய் விவரங்களைக் காப்பீட்டுக்காகக் குறியீடுகளாக மாற்றும் வேலை, படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பயிற்சி நிலையத்தில் நான்கு மாதம் படித்து ஏமாந்தேன். பெயர் வேண்டாம். இதே பாணியில் நடத்துகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால், அடையாளம் தெரிந்தால் போதும்.

சேரும்போது மூன்று வாக்குறுதி கொடுத்தார்கள்: வேலை உறுதி, சிபிசி என்ற கோடர் சான்றிதழின் தேர்வுக் கட்டணம் இதிலேயே அடக்கம், வேறு எங்கும் கிடைக்காத மெட்டீரியல். மூன்றாம் மாதம் தேர்வுக் கட்டணம் தனி என்றார்கள். வேலை பற்றிக் கேட்டால் "பார்க்கலாம்". கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, சரி. ஆனால் பணம் போனதைவிட அவர்கள் சொல்லித்தந்த பாடம்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் ரத்த நோய்கள் மூன்றாவது அத்தியாயம், டி50 முதல் டி89 வரை. அதை எங்கள் பயிற்சியாளர் ஒரே மதியத்தில் முடித்தார். கையில் ஒரு தாள் கொடுத்தார். "அனீமியாவா, டி64.9. பிளேட்லெட் கம்மியா, டி69.6. உறைதல்ல கோளாறா, டி68.9. ஒண்ணும் புரியலையா, டி75.9 போட்டுட்டுப் போயிட்டே இருங்க, கிளெய்ம் போயிடும்." கிளெய்ம் என்றால் காப்பீட்டுப் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பம். தாளில் இருந்த முக்கால்வாசி 9-ல் முடிந்தன, அல்லது அதே மாதிரி 'குறிப்பிடப்படாதது' வகை. டி75.9 என்றால் ரத்தத்திலோ ரத்தம் உற்பத்தியாகும் உறுப்புகளிலோ ஏதோ நோய் இருக்கிறது, இன்னதென்று சொல்லப்படவில்லை என்று அர்த்தம். முதலில் இண்டெக்ஸில் (நோய்ப் பெயர்களின் அகரவரிசை) தேடு, பிறகு டேபுலரில் (குறியீடுகளை வரிசையாகக் குறிப்புகளோடு தரும் பட்டியல்) போய்ச் சரிபார் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான்கு மாதத்தில் அவர் எங்கள் முன்னால் டேபுலரைத் திறந்த நாள் எனக்கு நினைவில்லை.

அந்தத் தாளை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். ரத்தவியல், புற்றுநோய்ப் பிரிவுகளிலிருந்து 10 சார்ட் (நோயாளியின் மருத்துவக் கோப்பு) கொடுத்தார்கள். இரண்டுதான் சரி. நல்லவேளை, கோடர்கள் போட்டதைச் சரிபார்க்கும் ஆடிட்டர் அம்மா திட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். நான்கு மாதத்தில் கற்காததை அந்த 40 நிமிடத்தில் கற்றேன்.

ஒரு சார்ட்டில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளி. கீமோவால் வந்த ரத்தசோகைக்குச் சிகிச்சை பெற வந்திருக்கிறார். மருத்துவர் காரணத்தைத் தெளிவாக எழுதியிருந்தார். நான் டி64.9 போட்டேன். அதற்கென்றே டி64.81 இருக்கிறது. வருகை ரத்தசோகைக்காக மட்டும் என்றால் அதுதான் முதலில் வரவேண்டும். பிறகு புற்றுநோய், அதன்பின் மருந்தின் பக்கவிளைவுக் குறியீடு. சோகை புற்றுநோயாலேயே வந்திருந்தால் வரிசை தலைகீழ்: புற்றுநோய் முதலில், டி63.0 அடுத்து. சிறுநீரக நோயால் வந்தது என்றால் டி63.1, அங்கேயும் சிறுநீரக நோய்தான் முன்னால். எங்கள் தாளுக்கு எல்லாமே டி64.9.

அடுத்தது இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகையால் பிளேட்லெட் எண்ணிக்கை கூடியவர். நான் டி75.9. சரியான விடை டி75.838, கூடவே அந்த ரத்தசோகைக்கு டி50.9. அந்த டி75.838 எங்கள் புத்தகத்திலேயே இல்லை! 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குறியீடு அது. எங்களுக்குக் கொடுத்தது அதற்கும் முந்தைய ஆண்டின் ஜெராக்ஸ். பிளேட்லெட் கூடுவது எலும்பு மஜ்ஜையின் சொந்தக் கோளாறாக இருந்தால் டி47.3, அது ரத்த அத்தியாயத்தில்கூட இல்லை, இரண்டாவது அத்தியாயத்தில் கட்டிகளோடு இருக்கிறது. ஒரே 'பிளேட்லெட் அதிகம்'தான், ஆனால் நோயாளியின் கோப்பில் விழும் முத்திரை வேறு.

மூன்றாவதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிறது என்று வெளிநோயாளியாக வந்தவர். உறைதல் கோளாறாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நான் டி68.9 போட்டுவிட்டேன். வெளிநோயாளிக்குச் 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று எழுதியதை நோயாகக் குறியிடக் கூடாது. மூக்கில் ரத்தம் வடிந்த அறிகுறியை மட்டும் போடவேண்டும். உள்நோயாளியாக மருத்துவமனையில் இருந்து, வீடு திரும்பும்போதும் அப்படியே எழுதியிருந்தால் நோய் இருப்பதாகவே கொண்டு குறியிடலாம். இந்த வித்தியாசம் அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. எங்கள் வகுப்பில் அந்தப் பேச்சே எழவில்லை. இல்லாத ஒரு நோயை ஒருவரின் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். நிஜ சார்ட்டாக இருந்திருந்தால் அந்த மனிதர் எத்தனை இடத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டுமோ.

இன்னொன்றில் மருத்துவர் ஒன்றுமே எழுதவில்லை, ஆய்வக அறிக்கையில் ஹீமோகுளோபின் மட்டும் குறைவு. நான் துணிந்து அனீமியா போட்டேன். "நீங்க டாக்டரா?" என்று சிரித்தார் ஆடிட்டர். எண்ணைப் பார்த்து நோயை முடிவுசெய்வது கோடரின் வேலை இல்லை; தேவைப்பட்டால் மருத்துவருக்குக் குவெரி அனுப்பிக் கேட்க வேண்டும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் சரியாகப் போட்ட இரண்டில் ஒன்று அதே டி64.9தான். அந்த மருத்துவர் வெறுமனே 'அனீமியா' என்று மட்டும் எழுதியிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குறிப்பிடப்படாத குறியீடு தீண்டத்தகாதது ஒன்றும் இல்லை. ஆவணத்தில் அதற்குமேல் விவரம் இல்லையென்றால் அதுதான் சரியான குறியீடு என்று வழிகாட்டு நெறியே சொல்கிறது. முழுதாகப் படித்துவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும். நாங்கள் படிக்காமலே போய் நின்றோம்.

திரும்பிப் போய்ப் பயிற்சியாளரிடம் கேட்டேன். "அந்த ஆடிட்டர் ரொம்பத் தோண்டுவாங்க போலிருக்கு, வேற கம்பெனி பாரும்மா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் இரண்டு வருட அனுபவக் கடிதம் தயார்செய்து தருவதாகச் சொன்னார். தேர்வில் தேறிய புதியவர்களுக்குச் சிபிசி-ஏ என்று, அனுபவம் இல்லாதவர் எனக் காட்டும் ஒரு 'ஏ' பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற இந்தக் கடிதமாம். பொய்க் கடிதம் பிடிபட்டால் போவது என் சான்றிதழ், அவருடையது அல்ல. எழுந்து வந்துவிட்டேன்.

இப்படி ஒரு வகுப்பில் சேரப்போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் எந்த ஆண்டுப் புத்தகம் என்று கேளுங்கள். அக்டோபர் தோறும் ஐசிடி-10-சிஎம் புதுப்பிக்கப்படுகிறது. மாதிரி வகுப்பில் உட்கார்ந்து, "சிறுநீரக நோயால் ரத்தசோகை" என்று ஒரு வரி கொடுத்து, இண்டெக்ஸிலிருந்து டேபுலர்வரை உங்கள் கண்முன்னால் தேடிக் காட்டச் சொல்லுங்கள். தாளை நீட்டினால் கிளம்பிவிடுங்கள். தேர்வுக் கட்டணம் அடக்கம் என்றால் அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அந்த 'வேறு எங்கும் கிடைக்காத மெட்டீரியல்' இருக்கிறதே, ஐசிடி-10-சிஎம் குறியீட்டுப் பட்டியலும் வழிகாட்டு நெறிகளும் அமெரிக்க அரசின் சுகாதார அமைப்புகளான சிடிசி, சிஎம்எஸ் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் காசு கொடுத்து வாங்கிய மெட்டீரியலில் பாதி அதன் பழைய பிரதி.

இப்போது அந்த இலவசப் பிரதிகளை வைத்துக்கொண்டு நானே படித்து வருகிறேன். போன வாரம் அதே நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, ரத்த அத்தியாயத்துக்குக் கொடுத்த தாள் என்று படம் எடுத்து அனுப்பினாள். கடைசி வரியில் டி75.9 அப்படியே இருக்கிறது. கீழே வகுப்பு நேரம் மட்டும் மாறியிருக்கிறது.