ஹோட்டலாகவே ஓடட்டுமா, அரசு எடுத்துக் காக்கட்டுமா?

அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குச் சாட்சியாக நிற்கும் இரண்டு கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1910ல் திறந்த ஹெர்மிடேஜ் ஹோட்டல். இன்றும் அது ஹோட்டல்தான். இன்னொன்று, நியூயார்க் மாநிலத்து செனகா ஃபால்ஸ் ஊரில் 1848 ஜூலையில் பெண்ணுரிமை மாநாடு கூடிய வெஸ்லியன் தேவாலயம். இப்போது தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. எந்த வழி நல்லது என்று கேட்டால் நான் ஹோட்டல் பக்கம், ஆனால் நிபந்தனையோடு.

தேவாலயத்தின் கதையைக் கேட்டால் வயிறு எரியும். நாடக அரங்கு, சறுக்கு விளையாட்டுக் கூடம், கார் விற்கும் இடம், கடைசியில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை என்று மாறி மாறி, அவரவர் வசதிக்கு இடித்துக் கட்டியதில், 1980களில் அரசு வாங்கியபோது அசல் சுவரிலும் கூரையிலும் கொஞ்சம்தான் மிச்சம். அந்த மிச்சத்தை 1993ல் திறந்தவெளியில் நிறுத்தி வைத்தார்கள், மழையும் பனியும் அரித்தன, 2011ல் மறுபடி சுவர் எழுப்பி மூடினார்கள். கட்டணம் இல்லாமல் யாரும் உள்ளே போகலாம், அது பெரிய விஷயம். ஆனால் கண்ணில் படுவது பெரும்பாலும் புதுச் செங்கல்.

ஹெர்மிடேஜுக்கு வருவோம். 1920 கோடையில், பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19ஆவது திருத்தம் நிறைவேற இன்னும் ஒரே ஒரு மாநிலத்தின் ஒப்புதல் பாக்கி, டென்னசி சட்டமன்றம் வாக்களிக்க வேண்டியிருந்தது. ஆதரித்த கேரி சாப்மன் கேட், எதிர்த்த ஜோசஃபின் பியர்சன், இரண்டு பேரின் முகாமும் இந்த ஒரே ஹோட்டலில்தான். சட்டையில் மஞ்சள் ரோஜா குத்தியிருந்தால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. மதுவிலக்குக் காலத்திலேயே எட்டாம் மாடியில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு விஸ்கி ஊற்றினார்கள். ஆகஸ்ட் 18 அன்று சிவப்பு ரோஜாவோடு சபைக்கு வந்த 24 வயது ஹாரி பர்ன், பையில் ‘ஆதரித்து வாக்களி’ என்று அம்மா எழுதிய கடிதம் இருக்க, திருத்தத்தை ஆதரித்து வாக்களித்தார், டென்னசியின் ஒப்புதலும் கிடைத்தது. அந்தக் கூட்டம் நெருக்கியடித்த லாபியும் மேலே வண்ணக் கண்ணாடிக் கூரையும் இன்றும் இருக்கின்றன. 1977ல் இதையும் மூடினார்கள்தான், ஆனால் பழுதுபார்த்து மறுபடி ஹோட்டலாகவே திறந்ததால் லாபியை வெட்டி ஒட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

சரி, நிபந்தனை என்ன? 2020ல் இது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. அந்தப் பட்டம் மட்டும் தனியார் உரிமையாளரின் கையைக் கட்டாது. சொந்தக் காசில் அவர் மாற்றினால் மத்திய அரசு தடுக்க முடியாது. முகப்பையும் லாபியையும் தொடக் கூடாது என்று பத்திரத்திலேயே பதிந்துவிட்டால் அடுத்தடுத்து வாங்குகிறவரையும் அது கட்டும், அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. இப்படிப்பட்ட ஹோட்டல் எதுவானாலும் அதைச் செய்ய வேண்டும். அப்புறம், அறை எடுக்க வசதியில்லாத ஒரு பள்ளி மாணவியும் உள்ளே வந்து அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்க முடிய வேண்டும்.