34 பக்கத் தொழில் திட்டம்: 6 வருடப் பயன்பாட்டு அனுபவம்

அட்டைப்பெட்டி செய்யும் சின்னப் பட்டறை ஒன்றை நானும் என் தங்கையும் நடத்துகிறோம். உற்பத்தி என் பொறுப்பு, கணக்கு அவள் பொறுப்பு. தொடங்குவதற்கு முன் நான் ஒரு பிசினஸ் பிளான் எழுதினேன். 34 பக்கம், சுருள் கம்பி போட்டு, மேலே பளபள அட்டையோடு. ஆறு வருடம் ஆகிவிட்டது. அதில் இன்றைக்கும் நாங்கள் கையில் எடுப்பது இரண்டு பக்கம். அதுவும் பழைய வடிவில் இல்லை.

எழுதியது கடனுக்காகத்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கிடைத்த மாதிரிப் படிவங்கள் எல்லாவற்றிலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: சுருக்கம், தொழில் அறிமுகம், சந்தை, போட்டி, விற்கும் வழி, உற்பத்தி, ஆட்கள், நிதி. முதல் பக்கத்தில் வருகிறதே என்று சுருக்கத்தை முதலில் எழுதினேன். உள்ளே ஒவ்வொரு எண் மாறும்போதும் அதையும் மாற்ற வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் எழுதுங்கள். சந்தைப் பகுதி மட்டும் ஒன்பது பக்கம். "மொத்தச் சந்தையில் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும்" என்ற வாக்கியத்தை நானும் எழுதினேன். அந்த ஒரு சதவீதம் யார், எந்தத் தெருவில் இருக்கிறார், அவரிடம் யார் போய்ப் பேசுவது என்று ஒரு வரிகூடக் கிடையாது.

கடன் அதிகாரி அந்த ஒன்பது பக்கத்தையும் ஒரே புரட்டில் தாண்டினார். நிதிப் பக்கத்தில் நின்றார். "விற்பனை 20 சதவீதம் குறைஞ்சா தவணை எப்படிக் கட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார். தொழிலில் மிஞ்சும் பணத்தை அந்த வருடம் கட்ட வேண்டிய அசல், வட்டியால் வகுத்துப் பார்ப்பார்கள். கடன் கொடுப்பவர்கள் பலர் அது 1.25க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் நல்ல காலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து 20 சதவீதம் குறைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் கீழே போகிறது. அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் புது டை பஞ்சிங் மெஷின் வாங்கும் ஆசையை அன்று ராத்திரியே விட்டேன். பழைய மெஷின், சின்னக் கடன். முதல் பெட்டி மடிப்பதற்கு முன்பே அந்த 34 பக்கம் தன் கூலியைக் கொடுத்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் அது மேசை இழுப்பறைக்குள் போய் 14 மாதம் கிடந்தது.

வெளியே எடுத்தது தங்கை. முதல் வருடக் கணக்கில் லாபம் வந்திருந்தது, ஆனால் கையில் பணம் இல்லை. எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தவள் நிதிப் பக்கத்தில் விரலை வைத்தாள். "அண்ணா, பார்ட்டி பணம் 30 நாள்ல வரும்னு போட்டிருக்கியே, யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லை. கட்டம் காலியாக இருந்தது, 30 என்று அடித்தேன். அவள் ஒரு மஞ்சள் மார்க்கர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாடகை ஒப்பந்தம், தவணை அட்டவணை, தாள் வியாபாரியின் விலைப்பட்டியல் என்று ஏதாவது ஆதாரம் இருந்த எண்ணை விட்டுவிட்டாள். ஆதாரம் இல்லாத எண் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள். அந்தப் பக்கத்தில் 41 எண்கள். 26 மஞ்சள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் இந்த ஆறு வருடத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை அந்த மஞ்சள் பூசியதுதான். எது தெரிந்தது, எது ஊகம் என்று பிரிந்ததும், எதைத் தினமும் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

அந்த 30ஐயே பாருங்கள். எங்கள் பில்களைக் கூட்டிப் பார்த்ததில் பணம் வந்த சராசரி 52 நாள். மாத விற்பனையை 100 என்று வைத்தால், 30 நாளில் பணம் வந்தால் வெளியே நிற்பது 100. 52 நாள் ஆனால் 173. கூடுதல் 73 எங்கள் பணம்தான், ஆனால் அடுத்தவர் பையில் இருக்கிறது. தாள் வியாபாரியோ 15 நாளில் கேட்பார். விற்பனை ஏற ஏற இந்தப் பள்ளமும் ஆழமாகும். ஆர்டர் பெருகுகிறது என்று நான் சந்தோஷப்பட்ட மாதங்களில்தான் கூலி கொடுக்கத் திணறினோம்.

இன்னொரு கூத்து. எக்செலில் அந்த 30ஐப் 14 இடங்களில் கையால் அடித்து வைத்திருக்கிறேன். 52 என்று மாற்றியபோது 11 இடம்தான் கண்ணில் பட்டது. கூட்டல் ஒட்டவே இல்லை, ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. இப்போது ஊகங்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன, மற்ற கட்டங்கள் அங்கிருந்துதான் எண்ணை எடுக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இரண்டாம் வருடம் தாள் விலை ஏறியபோது திட்டம் உண்மையிலேயே கை கொடுத்தது. எங்கள் கணக்கு இதுதான்: 100க்கு விற்றால் தாள், பசை, அச்சு, வண்டிக் கூலிக்கு 68 போகும், மிச்சம் 32. வாடகை, சம்பளம், வட்டி மாதிரி விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற மாதச் செலவு 24. 24ஐ 0.32ஆல் வகுத்தால் 75. அதாவது மாதம் 75க்கு விற்றால் நட்டமில்லை. நாங்கள் 80க்கு விற்றுக்கொண்டிருந்தோம். விலை ஏறியதும் 68 என்பது 74 ஆனது. ஆறுதானே என்று தோன்றும். 24ஐ 0.26ஆல் வகுத்துப் பாருங்கள், 92. ஒரு பெட்டி குறையாமல் விற்றுக்கொண்டே நட்டத்துக்குள் போய்விட்டோம்.

விலையை 5 சதவீதம் ஏற்றினால்? முன்பு 100க்கு விற்றது 105 ஆகும், செலவு 74, மிச்சம் 31. பழைய அளவில் 77.4க்குச் சமமான பெட்டிகள் விற்றால் போதும். ஆக, 80இல் இரண்டரை குறைந்தாலும் தாங்கும். "வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களோ" என்ற பயம், "எத்தனை பேர் ஓடலாம்" என்ற கேள்வியாக மாறியது. ஏற்றினோம். ஒரு சின்ன பார்ட்டி போனார். 78இல் நின்றது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நான் இன்னும் நாலு மாதம் தயங்கியிருப்பேன்.

பிழைத்த இரண்டு பக்கத்தில் ஒன்று இந்த ஊகத் தாள். இன்னொன்று 13 வாரப் பணப் பக்கம். 13 வாரம் என்றால் ஒரு காலாண்டு. சனிக்கிழமை சாயங்காலம் 40 நிமிடம் ஒதுக்கி, முடிந்த வாரத்தை அடித்துவிட்டுக் கடைசியில் ஒரு வாரம் சேர்ப்போம். பில் போட்ட தேதி அதில் வராது, பணம் வரும் தேதி மட்டும்தான். லாப நட்டக் கணக்கில் தெரியாதது இங்கே தெரியும். தவணையின் அசல் பகுதி செலவாக எழுதப்படாது, ஆனால் பணம் போகும். மெஷின் தேய்மானம் செலவாக எழுதப்படும், ஆனால் பணம் போகாது. ஒருமுறை ஒன்பதாவது வாரத்தில் சம்பளம், தவணை, தாள் பாக்கி மூன்றும் ஒன்றாக விழுவது முன்கூட்டியே தெரிந்தது. தாள் வியாபாரியிடம் இரண்டு பங்காகத் தருகிறேன் என்று அப்போதே பேசினேன், சரி என்றார். அந்த வாரமே போய்க் கேட்டிருந்தால் முகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நடுவில் அலெக்ஸாண்டர் ஆஸ்டர்வால்டர் என்ற மேலாண்மை எழுத்தாளரின் ஒன்பது கட்ட 'பிசினஸ் மாடல் கேன்வாஸ்' தாளையும் போட்டுப் பார்த்தோம். யாருக்கு விற்கிறோம், எதற்காக நம்மிடம் வாங்குகிறார்கள் என்று ஒரே தாளில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் போட்டியாளருக்குக் கட்டம் இல்லை, தேதிக்கும் இடம் இல்லை. சுவரில் ஒட்டலாம், அதை வைத்து வாரத்தை ஓட்ட முடியாது. இப்போது ஏஐயிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் 30 பக்கம் எழுதித் தருகிறது, என்னைவிட நல்ல நடையில். தங்கை ஒன்றை வாங்கி மார்க்கரோடு உட்கார்ந்தாள், முழுப் பக்கமும் மஞ்சளாகிவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். ஐந்து வருட மதிப்பீடு என்பது இரண்டாம் வருடத்துக்குப் பிறகு வெறும் கற்பனை. கடன் கொடுப்பவர் கேட்கிறார் என்பதற்காகப் போட்டுக் கொடுக்கிறேன், நான் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. ஆன்லைனில் விற்கும் சின்ன வியாபாரிகள் 50, 100 பெட்டி என்று கேட்டு வந்தபோது, "500க்குக் குறைந்து எடுப்பதில்லை" என்று திட்டத்தில் இருக்கிறதே என்று ஒரு வருடம் திருப்பி அனுப்பினேன். 500 என்ற அந்த எண்ணும் மஞ்சள்தான். அதை எழுதியவனும் நான்தான். இன்று எங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அவர்களிடமிருந்து வருகிறது, பெரும்பாலும் முன்பணத்தோடு. பணம் வரும் சராசரி நாள் 52இலிருந்து 38க்கு இறங்கியதற்கும் அவர்கள்தான் காரணம்.

இப்போது ஓடுவது ஐந்தாவது பதிப்பு. ஆறு பக்கம். அதில் இரண்டாவது மெஷின் எப்போது வாங்கலாம் என்று ஒரு வரி உண்டு: சராசரி நாள் 35க்குள் வர வேண்டும், இப்போதைய மெஷின் தொடர்ந்து மூன்று மாதம் இரண்டு ஷிப்ட் ஓட வேண்டும். இரண்டாவது நிபந்தனை நடந்துவிட்டது, முதலாவது இன்னும் இல்லை. மெஷின் விற்பவர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். நான் எடுப்பதில்லை, தங்கையிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் 38 என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.