அம்மாவின் போனில் எதைப் போட்டுத் தருவது: விளையாட்டா, கேமராவா, பேச்சா?

அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தபோது, ‘மூளைக்கு நல்லது’ என்று ஒரு விளையாட்டுச் செயலியையும் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டார். அடுப்பில் வைத்த பாலை மறப்பது மட்டும் குறையவில்லை.

இந்த வகைச் செயலிகளின் சிக்கலே இதுதான். விளையாட்டில் வரும் தேர்ச்சி பெரும்பாலும் அந்த விளையாட்டோடு நின்றுவிடுகிறது. முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்கிற அளவுக்கு விளம்பரம் செய்த லுமாசிட்டி நிறுவனம், நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆனால் எல்லா விளையாட்டையும் ஒரே கூடையில் போட முடியாது. 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆக்டிவ்’ ஆய்வில் 65 வயதைத் தொட்டவர்கள், கடந்தவர்கள் என 2,800 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவதுக்குக் கணினியில் வேகப் பயிற்சி. திரையின் நடுவில் ஒரு வண்டி மின்னி மறையும். காரா, லாரியா என்று சொல்ல வேண்டும். அதே கணத்தில் ஓரத்தில் இன்னொரு கார் எங்கே தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, மின்னும் நேரம் குறைந்துகொண்டே போகும். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியே பெறாதவர்களைவிட இந்த மூன்றாவது குழுவில் டிமென்ஷியா (மறதி நோய்) ஆபத்து 29 சதவீதம் குறைவாக இருந்தது. மற்ற இரண்டு பயிற்சிகளில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. விளையாட்டுதான் வேண்டுமென்றால் இந்த வகையைத் தேடுங்கள்.

அடுத்து கேமரா. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வுக்காக முதியவர்களுக்கு டிஜிட்டல் புகைப்படக்கலையும் கணினியில் படங்களைத் திருத்துவதையும் சொல்லிக் கொடுத்தார்கள். வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். 2014-ல் வந்த முடிவில் அவர்களின் நினைவாற்றல் கூடியிருந்தது. அதே ஆய்வில், புதிதாக எதையும் கற்காமல் கூடிப் பேசி, வெளியே போய்வந்த குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் பேச்சு வீணா? இல்லை. ‘ஐ-கனெக்ட்’ ஆய்வு, 75 வயதைத் தாண்டித் தனிமையில் இருந்த 186 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிப் பேரிடம் வாரம் நான்கு முறை, அரை மணி நேரம் வீடியோவில் உரையாடினார்கள். வெறும் நலம் விசாரிப்பு அல்ல. படம் காட்டி, தலைப்பு கொடுத்து, யோசித்துப் பதில் சொல்ல வைக்கும் உரையாடல். மறுபாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை பத்து நிமிடப் போன் அழைப்பு மட்டும். ஆறு மாதத்தில் அறிதிறன் சோதனையில் வீடியோ குழு முந்தி நின்றது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. “சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா” என்று ஞாயிற்றுக்கிழமை நான் பேசும் பத்து நிமிடம், அந்த மறுபாதிக்குக் கிடைத்த அழைப்பேதான்.

மாத்திரைக்கு அலாரம், மருத்துவரிடம் போகும் நாளுக்கு நினைவூட்டல் இவற்றை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அவை மூளையைக் கூர்மையாக்க வந்தவை அல்ல. மறதியின் சேதத்தைக் குறைப்பவை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவை இருக்கட்டும்.

தனியாக இருக்கும் பெற்றோருக்கு என் முதல் தேர்வு பேச்சு. வீட்டில் ஆள் இருந்து, கைக்கு வேலை தேடுகிறவர் என்றால் கேமரா. வேகப் பயிற்சி மூன்றாவதுதான். அது பலனில்லாதது என்பதால் அல்ல, பக்கத்தில் ஆள் இல்லாமல் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

அம்மாவின் போனிலிருந்து பழைய விளையாட்டை எடுத்துவிட்டேன். இப்போது தினமும் காலையில் வாசல் கோலத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். வாரத்தில் நான்கு நாள் மாலையில் வீடியோவில் வந்து, அது எத்தனை புள்ளிக் கோலம், யாரிடம் கற்றது, அந்த வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிறேன்.