செவிலியர் தலைமைத்துவத்தில் இணையவழி முதுநிலைப் பட்டம்: ஒரு மதிப்பீடு

வேலையை விடாமல் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் செவிலியர்களுக்கு இன்று இணையவழிப் படிப்புகளுக்குப் பஞ்சமில்லை. செவிலியர் தலைமைத்துவத்தில் அத்தகைய படிப்பு ஒன்றை, வார்டு இன்சார்ஜ் பொறுப்பைக் கவனித்துக்கொண்டே முடித்தவள் என்ற முறையில், அதற்குக் கொடுக்கும் பணத்துக்கும் இழக்கும் தூக்கத்துக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்பதை இங்கே மதிப்பிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலைமைத்துவம் என்று பெயர் சூட்டப்பட்ட தாள்களைவிட, கணக்குப் பார்க்கக் கற்றுத்தரும் தாள்களுக்காகவே இதில் சேரலாம்.

சேர்வதற்கு இளநிலைச் செவிலியர் பட்டமும் செவிலியராக நடப்பிலுள்ள பதிவும் வேண்டும். ஆய்வுமுறை, சுகாதாரக் கொள்கை, தர மேம்பாடு, நிதி மேலாண்மை, தகவல் தொழில்நுட்பம் ஆகியவை பாடங்கள். தலைமைத்துவக் கோட்பாடுகளுக்கான தாளில், ஒரு நிறுவனத்தில் மாற்றத்தைக் கொண்டுவருவது பற்றி உளவியலாளர் கர்ட் லெவின் 1947-இல் முன்வைத்த மூன்று கட்டங்களும் மேலாண்மைப் பேராசிரியர் ஜான் கோட்டர் 1996-இல் விரித்துரைத்த எட்டுப் படிகளும் வருகின்றன. படிக்கச் சுவையானவைதான், ஆனால் புதிய பதிவேட்டு முறையை ஏற்க மறுக்கும் மூத்த செவிலியரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை அவை சொல்வதில்லை.

படிப்பின் உயிர் நிதியும் பணியாளர் திட்டமிடலும் கற்பிக்கும் தாளில் இருக்கிறது. வார்டில் ஆள் போதவில்லை என்பது எந்த இன்சார்ஜுக்கும் தெரியும். எத்தனை பேர் போதவில்லை என்று நிர்வாகம் கேட்டால்தான் நாம் தடுமாறுகிறோம். சராசரியாக 24 நோயாளிகள் இருக்கும் வார்டில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரச் செவிலியர் கவனிப்பு தேவை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 144 மணி நேரம் ஆகிறது. 8 மணி நேர ஷிப்ட் முறையில் அது நாளொன்றுக்கு 18 பேர். வார்டு வாரத்தின் 7 நாளும் இயங்க, ஒவ்வொருவரும் 5 நாள் மட்டுமே பணிக்கு வருவதால் 25.2 முழுநேரப் பணியிடங்கள் தேவைப்படும்; விடுப்பு, பயிற்சி ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கினால் அது 28 ஆகிவிடும். நாளொன்றுக்குப் பதினெட்டுப் பேர் போதும் என்றால் வார்டுக்கும் பதினெட்டுப் பணியிடங்கள் போதுமே என்று வாதிடுபவர்களுக்கு இந்த ஒரு பக்கக் கணக்கே பதில். இத்தனை ஆண்டுப் பணியில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதை நினைத்தால் சற்றுக் கோபமே வருகிறது.

அந்தக் கணக்கு ஏன் உயிர் சார்ந்தது என்பதை உணர்த்த, அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவரது குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் வரிவரியாக விளக்கினார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளிகளை ஆராய்ந்த அந்த ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், மருத்துவமனையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு விகிதம் 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை முழுமையாக நிறுவுவதில்லை என்பதையும் அவர் வலியுறுத்தினார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

இணையவழி என்பதால் வரும் குறைகளும் உண்டு. வாரந்தோறும் விவாதப் பக்கத்தில் ஒரு பதிவு இட்டு, சக மாணவர்கள் இருவரின் பதிவுகளுக்கு மறுமொழி எழுத வேண்டும் என்பது விதி. நைட் டியூட்டி முடித்து வந்தவர்கள் கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்பு எழுதும் மறுமொழி எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: “அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்” என்று தொடங்கி மேற்கோள் ஒன்றோடு முடிந்துவிடும். பதிவு செய்த விரிவுரைகளை நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிவது மட்டும் ஷிப்டில் வேலை செய்பவர்களுக்குப் பெரும் வசதி.

என் பெரிய மனக்குறை களப்பயிற்சி பற்றியது. வழிகாட்டும் பிரிசெப்டரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். அவர் முதுநிலைப் பட்டம் பெற்ற நிர்வாகியாக இருக்க வேண்டும். நமது நேரடி மேலதிகாரியாகவும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைச் சேர்க்கைக்கு முன் யாரும் விளக்கவில்லை. மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் பருவத்தின் முதல் வாரங்கள் வீணாயின. முழுக் கட்டணம் வாங்கும் நிறுவனம் இந்த ஏற்பாட்டை மாணவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எனவே பணம் கட்டும் முன், களப்பயிற்சி இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள் என்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் செவிலியர் கவுன்சிலும் நீங்கள் பணிபுரியும் நிறுவனமும் இணையவழியில் பெற்ற பட்டத்தைப் பதவி உயர்வுக்கும் கற்பித்தல் பணிக்கும் ஏற்கின்றனவா என்பதையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஒன்றுக்கு ஏற்பவர்கள் மற்றொன்றுக்கு மறுக்கக்கூடும். மருந்து எழுதும் உரிமையுள்ள உயர்நிலைச் செவிலியராக விரும்புபவர்களுக்கு இது உரிய படிப்பு அல்ல. அதற்கான சிகிச்சைப் பயிற்சி இதில் இல்லை.